கொடுக்கும் கையும் வாங்காத கையும்

சித்திரை பிறந்தால் காஞ்சிபுரம் மாவட்டத்துச் சாலையோரங்களில் கீற்றுப் பந்தல்கள் முளைத்துவிடும். ஈரத்துணி சுற்றிய மண்பானை, அதில் நீர்மோர், மேலே மிதக்கும் கறிவேப்பிலையும் கொத்தமல்லியும். கட்சிக்காரர்கள் வைப்பார்கள், ரசிகர் மன்றத்தார் வைப்பார்கள், கோயில் விழாக் குழுவினர் வைப்பார்கள். இப்போது கிறிஸ்தவச் சபைகளும் வைக்கின்றன. எல்லாப் பானையிலும் ஒரே மோர்தான். பின்னால் கட்டிய ஃபிளெக்ஸைப் பார்த்துத்தான் எந்தப் பந்தல் யாருடையது என்று சொல்ல முடியும்.

சபைகள் மோர்ப் பந்தல் ஒன்றோடு நிற்பதில்லை. ஜூனில் பள்ளி திறக்கும்போது நோட்டுப் புத்தகம், ஐப்பசி மழையில் ஒழுகும் கூரைக்குத் தார்ப்பாய், டிசம்பரில் விதவைகளுக்குச் சேலையும் முதியோருக்குக் கம்பளியும், பிரசவத்துக்குப் போகிறவளுக்கு ஆட்டோ. சின்னச் சின்ன அன்புச் செயல்களால் ஊரைத் தொடுவது என்று சபைகள் இதைச் சொல்கின்றன. அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் ஸ்டீவ் ஷோக்ரன் என்ற போதகர் இதை ஒரு முறையாகவே வகுத்தார். வழிப்போக்கர்களுக்கு இலவசமாகக் குளிர்பானம் கொடுப்பது, காசு வாங்காமல் கார் கழுவிவிடுவது என்று அவர் செய்தவற்றை 1990களில் புத்தகமாக எழுத, அது உலகமெங்கும் சபைகளில் பரவியது.

நமக்கு இது இறக்குமதிச் சரக்கு அல்ல. திங்களூரில் அப்பூதியடிகள் தண்ணீர்ப்பந்தல் வைத்து, நேரில் பார்த்தே இராத திருநாவுக்கரசரின் பெயரை அதற்குச் சூட்டியதைப் பெரியபுராணம் சொல்கிறது. தண்ணீரின் மேல் சமயத்தின் பெயர் எழுதும் வழக்கம் அவ்வளவு பழையது. ஆகவே சபை மட்டும் பெயர் போட்டுக்கொள்கிறது என்று குறை சொல்வது நியாயமில்லை. இந்தக் கொடை ஊருக்கு என்ன செய்கிறது, கொடுப்பவருக்கு என்ன செய்கிறது என்பதைத்தான் கேட்க வேண்டும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். இதற்குப் பெரிய பணம் வேண்டியதில்லை. கிறிஸ்தவத் தொண்டு நிறுவனமான கம்பாஷன் இன்டர்நேஷனல் 2017இல் இந்தியாவை விட்டு வெளியேறியது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட வேர்ல்டு விஷன் இந்தியாவின் வெளிநாட்டு நன்கொடை உரிமம் 2024இல் ரத்தானது. பெரிய குழாய்கள் அடைபட்ட காலத்தில், நாலு வீட்டு அரிசியைச் சேர்த்துக் கஞ்சி காய்ச்சும் சிறிய சபைக்கு டெல்லியின் அனுமதி தேவைப்படவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் பொட்டலம் கட்டிய கைகளில் பல இப்படிப்பட்டவைதான். இன்னொன்று, ஊர்த்தெருக்காரர் காரணமில்லாமல் காலனிக்குள் போகாத கிராமங்களில், கையில் கம்பளியோடு ஒருவர் அந்த எல்லையைத் தாண்டினாலும் தாண்டியதுதான். அன்பைப் பற்றிப் பிரசங்கம் கேட்டே பழகிய விசுவாசியைத் தெருவில் இறக்கி வேலை வாங்குவதும் சிறிய லாபம் அல்ல.

குறைகள் மூன்று. முதலாவது, தூண்டில் என்ற சந்தேகம். வெளியிலிருந்து வருபவர் எதற்கு வருகிறார் என்று கேட்கும் நியாயம் காஞ்சிபுரம் பக்கத்துப் புள்ளலூருக்கு நிறைய உண்டு. பல்லவன் மகேந்திரவர்மன் பகைவரை வென்றதாகக் காசக்குடிச் செப்பேடு சொல்வது இங்கேதான். 1780 செப்டம்பர் 10 அன்று கர்னல் பெய்லியின் படையை ஹைதர் அலியும் திப்புவும் முறியடித்ததும் இங்கேதான். அடுத்த ஆண்டுப் போரில் இறந்த ஆங்கில அதிகாரிகளின் நினைவுத்தூண்கள் வயல்வெளியில் இன்றும் நிற்கின்றன. இப்படிப்பட்ட மண்ணில், சும்மா கொடுக்கிறேன் என்பவரைச் சும்மா நம்பிவிட மாட்டார்கள்.

சட்டமும் நம்பவில்லை. 2002 அக்டோபரில் ஜெயலலிதா அரசு கொண்டுவந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம், பரிசுப்பொருள் கொடுப்பதையும் ஆசைகாட்டுதலில் சேர்த்தது. 2004 மக்களவைத் தேர்தல் தோல்விக்குப் பிறகு அது கைவிடப்பட்டது. சட்டம் போன பிறகும் கேள்வி போகவில்லை.

அந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல முயன்றவர் ஒருவர் உண்டு. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில், அன்றைய சென்னை மாகாணத்து ஓங்கோலில் இருந்த அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி ஜான் கிளவ், பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதியை வெட்டும் வேலையை ஒப்பந்தம் எடுத்துப் பசித்தவர்களுக்குக் கூலி கொடுத்தார். ஞானஸ்நானம் கேட்டு ஆயிரக்கணக்கில் வந்தார்கள். நிவாரணம் நடந்த ஓராண்டுக்கும் மேலாக ஒருவருக்கும் அவர் கொடுக்கவில்லை. சோற்றுக்காக வந்தார்கள் என்ற பேச்சு வரக் கூடாது என்பதுதான் காரணம். நிவாரணம் நின்ற பிறகு, 1878 ஜூலையில் ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். சோற்றையும் ஞானஸ்நானத்தையும் காலத்தால் பிரித்து வைத்த அந்தக் கட்டுப்பாடு பெரிது. ஆனால் உயிர் காத்த கையின் நினைவு ஓராண்டில் ஆறிவிடுமா? பிரித்து வைக்கலாம், முழுக்கப் பிரிக்க முடியாது. கிளவ் குறைந்தபட்சம் அதை ஒரு சிக்கலாகவாவது கண்டார். இன்று கம்பளி வாங்க வருகிறவரிடம் பெயரும் கைபேசி எண்ணும் எழுதி வாங்கும் சபை அதைச் சிக்கலாகவே நினைப்பதில்லை.

வாங்குபவருக்கு இதில் விலையும் உண்டு. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி, கிறிஸ்தவரான தலித்துக்குப் பட்டியல் சாதித் தகுதி கிடையாது. தமிழ்நாட்டில் அவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்படுகிறார். ஒரு கம்பளியில் தொடங்கும் உறவு ஒருவருடைய சாதிச் சான்றிதழ் வரை போகக்கூடும் என்றால், கொடுப்பவர் அதை முன்பே சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது குறை, சிறியது பெரியதன் இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்வது. பழைய செங்கல்பட்டு மாவட்டம்தான் இதற்குச் சாட்சி. 1890களை ஒட்டி, செங்கல்பட்டில் ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூவும் திருவள்ளூர்ப் பக்கம் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் கௌடியும் பறையர் மக்களின் நிலமின்மையைப் பற்றியும் அடிமைப்பட்ட பண்ணையாள் வாழ்க்கையைப் பற்றியும் விடாமல் எழுதினார்கள். ஆட்சியர் ட்ரெமென்ஹீர் 1891இல் அரசுக்கு அறிக்கை கொடுத்தார். 1892இல் அந்த மக்களுக்கு நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்தது. இன்று பஞ்சமி நிலம் என்று நாம் சொல்லும் சுமார் 12 லட்சம் ஏக்கரின் வேர் அங்கே இருக்கிறது. அந்தப் பாதிரிமார்களுக்கும் ஆள் சேர்க்கும் நோக்கம் இருந்தது, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பசிப்பவனுக்குக் கஞ்சி ஊற்றியதோடு நிற்காமல், அவன் ஏன் பசிக்கிறான் என்று கேட்டார்கள்.

அந்த நிலத்தில் பெரும்பகுதி பின்னாளில் கை மாறியது. மாமல்லபுரம் அருகே காரணையில் பஞ்சமி நில மீட்புக்காக நடந்த போராட்டத்தில், 1994 அக்டோபரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டுக்கு இரண்டு பேர் பலியானார்கள். ஒருவர் பெயர் ஜான் தாமஸ், இன்னொருவர் ஏழுமலை. அந்த இரண்டு பெயர்களும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதில் உள்ள சமயம், எந்த நோட்டுப் புத்தகத்தின் உள்ளட்டையில் அச்சடித்த வசனத்திலும் இல்லை. பட்டாவுக்கு மனு எழுதிக் கொடுத்துத் தாலுகா அலுவலகத்துக்குக் கூடப்போவதும் அன்புச் செயல்தான். அதை ஒரே மதியத்தில் முடிக்க முடியாது, போட்டோவும் நன்றாக விழாது. அதனால்தானோ என்னவோ, அது அதிகம் நடப்பதில்லை.

மூன்றாவதைத்தான் நான் முதன்மையான குறை என்பேன். இந்தக் கொடை ஒருவழிப் பாதை. கிராமத்தில் கொடுக்கல் வாங்கல் என்பது ஒரே சொல். மொய் எழுதினால் திரும்ப எழுதுவார்கள். பக்கத்து வீட்டுக்குக் குழம்பு கொடுத்தனுப்பிய கிண்ணம் வெறுங்கிண்ணமாகத் திரும்பாது. சபையோ கொடுக்கிறது, வாங்குவதில்லை. கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகக் கேக் போகிறது. ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றிய அம்மா ஒரு சொம்பு கொண்டுவந்து நீட்டினால், “படைச்சதும்மா, நாங்க சாப்பிடறதில்லை” என்று பதில் வருகிறது. ஆயுதபூஜைப் பொரிக்கும் அதே பதில்தான். சொல்பவருக்கு அது மனசாட்சி. பவுல் காலத்திலேயே கொரிந்து சபையில் எழுந்த வழக்கு அது, எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் சொம்போடு திரும்பி நடக்கும் அந்த அம்மாவுக்கு என்ன கேட்கிறது? இந்த மண்ணில் ஒருவர் கைப்பட்டதை வாங்கிக்கொள்ள மறுப்பதற்கு ஒரு நீண்ட, கசப்பான சரித்திரம் இருக்கிறது. மறுப்பவர் காரணத்தை மாற்றிக்கொண்டாலும் மறுக்கப்பட்டவர் காதில் பழைய காரணமே விழுகிறது.

மறுமைப் பயன் கருதிக் கொடுப்பவனை அறத்தை விலைபேசும் வணிகன் என்று சொல்லி, ஆய் அண்டிரன் அப்படிப்பட்டவன் அல்லன் என்று முடமோசியார் புறநானூற்றில் பாடினார். சபைக்கு வெளியே இருந்து வரும் விமரிசனத்தில் இதைவிடக் கூர்மையானது எனக்குத் தெரியாது. உள்ளிருந்தே வரும் விமரிசனம் யோவான் சுவிசேஷத்தின் நாலாம் அதிகாரத்தில் இருக்கிறது. கிணற்றடியில் சமாரியப் பெண்ணைச் சந்தித்த இயேசு எதையும் கொடுத்துத் தொடங்கவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டுத் தொடங்கினார். யூதர் கை நனைக்காத வீட்டுக்காரியிடம் கேட்டார். அவள் திகைத்ததும் அதற்குத்தான். ஷோக்ரனின் முறை தண்ணீர் கொடுக்கிறது. அவர் வணங்கும் ஆண்டவரோ தண்ணீர் வாங்கியிருக்கிறார்.

எனவே என் முடிவு இது. சின்ன அன்புச் செயல்கள் நல்லவை, நிறுத்த வேண்டியதில்லை. வாங்குபவரின் எண்ணையும் போட்டோவையும் விட்டுவிட்டால் போதும், முதல் குறை பாதி தீரும். பட்டா, சாதிச் சான்றிதழ், முதியோர் ஓய்வூதிய மனுவுக்கு ஆள் அனுப்பினால் இரண்டாவது குறை தீரத் தொடங்கும். மூன்றாவதற்குச் செலவே இல்லை. படைத்தது வேண்டாம் என்றால் படைக்காததைக் கேளுங்கள். மண்வெட்டி இரவல் கேளுங்கள், சபை வீட்டுக் கல்யாணப் பந்தலுக்குக் கால் நட ஆள் கேளுங்கள். அடுத்த சித்திரையில் மோர்ப் பந்தலுக்குக் குடம் தூக்குமுன், காலனியின் கடைசி வீட்டு வாசலில் நின்று, “அக்கா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க” என்று கேளுங்கள்.