விளக்கை அணைத்தவன் யார்?

'சார்பட்டா பரம்பரை' படத்தை நான் எங்க அம்மாவோடு உட்கார்ந்துதான் பார்த்தேன். 2021 ஜூலை மாதம். கொரோனா காலம் என்பதால் பா.இரஞ்சித்தின் அந்தப் படம் தியேட்டருக்கு வரவில்லை, நேராக அமேசான் பிரைமில் வந்தது. வில்லியனூர் கொம்யூனில் எங்க காலனி வீட்டுத் திண்ணையில் ஒரு கைபேசியைச் சுற்றி ஆறு பேர். கபிலன் வேம்புலியை அடித்துச் சாய்க்கப் போகிற நேரம். கூட்டம் வளையத்துக்குள் பாய்கிறது. அவன் துணியை உருவி, அத்தனை பேர் முன்னால் அம்மணமாக்குகிறது. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டது. "நிறுத்துடா. நாம ஜெயிக்கப் போறோம்னு தெரிஞ்சாலே இவனுங்களுக்குக் கையி நிக்காது" என்றது.

படம் பற்றி அப்புறம் நிறைய விமர்சனங்கள் படித்தேன். நடிப்பு, ஒளிப்பதிவு, டான்சிங் ரோஸின் கால்வேகம் என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். அம்மா சொன்ன அந்த ஒரு வரியை யாரும் எழுதவில்லை. அதனால்தான் இதை நான் எழுத வேண்டியிருக்கிறது.

எண்பதுகளில் நடந்தது இது. எங்க பக்கத்து ஊர் ஒன்றில் காணும் பொங்கலுக்குக் கபடிப் போட்டி. ஊர்ப் பசங்களும் காலனிப் பசங்களும் நேருக்கு நேர் மோதுகிற வழக்கம் அதுவரை இல்லை. அந்த வருஷம் எப்படியோ இறுதி ஆட்டத்தில் மோத வேண்டியதாகிவிட்டது. நாங்க நாலு புள்ளி முன்னால் இருந்தோம். இன்னும் சில நிமிஷம்தான். திடீரென்று ட்யூப்லைட் எல்லாம் அணைந்தது. 'ஃப்யூஸ் போச்சி' என்றார்கள். பக்கத்துத் தெருவில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இருட்டில் எங்க பசங்க முதுகில் அடி விழுந்தது. ஷீல்டு யாருக்கும் கொடுக்கவில்லை. மறுநாள் கேட்டால், 'ஆட்டம் முடியலியே' என்று பதில்.

ஆட்டம் முடியக்கூடாது. முடிந்தாலும் அதை யாரும் பார்த்திருக்கக்கூடாது. உலகக் குத்துச்சண்டை வரலாற்றைப் புரட்டினால் இந்த ஃப்யூஸ் எங்கெங்கும் போயிருக்கிறது.

1908 டிசம்பர் 26, ஆஸ்திரேலியாவின் சிட்னி. டாமி பர்ன்ஸ் என்ற வெள்ளையரை ஜாக் ஜான்சன் என்ற கறுப்பர் அடித்து நொறுக்குகிறார். அடிமைகளாக இருந்தவர்களின் மகன் அவர். பதினாலாவது சுற்றில் போலீஸ் உள்ளே புகுந்து சண்டையை நிறுத்துகிறது. படம் பிடித்துக்கொண்டிருந்த கேமராவும் நிற்கிறது. பட்டம் ஜான்சனுக்குப் போயிற்று. ஆனால் வெள்ளையன் விழுகிற காட்சி மட்டும் படத்தில் பதியவில்லை.

அதன்பின் 'வெள்ளை இனத்தின் மானம் காக்க' என்று சொல்லி, ஓய்வில் இருந்த ஜிம் ஜெஃப்ரீஸைக் கூட்டி வந்தார்கள். 1910 ஜூலை 4, அமெரிக்காவின் சுதந்திர தினம், ரீனோ நகரம். பதினைந்தாவது சுற்றில் ஜெஃப்ரீஸ் சாய்ந்தார். அன்று இரவே பல நகரங்களில் வெள்ளைக் கும்பல்கள் கறுப்பர்கள்மேல் பாய்ந்தன. பலர் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலோர் கறுப்பர்கள். ஜான்சன்மேல் கை வைக்க முடியாதவர்கள் தெருவில் சிரித்தபடி நடந்தவன்மேல் வைத்தார்கள். அந்தச் சண்டைப் படத்தை ஊர் ஊராகத் தடை செய்தார்கள். 1912இல் அமெரிக்க நாடாளுமன்றம், குத்துச்சண்டைப் படங்களை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுபோகவே கூடாது என்று சட்டம் போட்டது. குத்து விழுந்ததைவிட, அது விழுந்ததைக் கறுப்பர்கள் பார்ப்பதுதான் அவர்களுக்குப் பயம். 1911இல் லண்டனில் ஜான்சன் ஒரு பிரிட்டிஷ் வெள்ளையரோடு மோதுவதாக இருந்த சண்டையை உள்துறை அமைச்சராக இருந்த சர்ச்சில் நிறுத்தினார். காலனி நாடுகளை ஆண்டுகொண்டிருந்தவர்களுக்கு அந்தக் காட்சியின் விலை தெரிந்திருந்தது.

பிரான்ஸ் வேறு மாதிரி என்று நம்ம பக்கத்தில் ஒரு நினைப்பு உண்டு. சொல்தா குடும்பங்கள் இன்னும் இருக்கிற மண் இது. சமத்துவம், சகோதரத்துவம் என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். 1922 செப்டம்பர் 24 அன்று பாரிஸில் நடந்ததைப் பாருங்கள். அப்போது புதுச்சேரியும் செனகலும் ஒரே கொடியின் கீழ். செனகலில் பிறந்து, பிரான்சுக்காக உலகப் போரில் சண்டையிட்டுப் பதக்கம் வாங்கிய பேட்லிங் சிக்கி என்ற கறுப்பர், பிரான்சின் செல்லப்பிள்ளை ஜார்ஜ் கார்ப்பாந்தியேவை ஆறாவது சுற்றில் வீழ்த்தினார். நடுவர் என்ன செய்தார்? சிக்கி காலை இடறிவிட்டதாகச் சொல்லித் தோற்றவரை ஜெயித்ததாக அறிவித்தார். கூட்டம் ஒத்துக்கொள்ளவில்லை, கூச்சல் போட்டது. கடைசியில் தீர்ப்பை மாற்ற வேண்டியதாயிற்று. பார்க்கிற கண் இருந்ததால் அன்று ஃப்யூஸைப் பிடுங்க முடியவில்லை. ஆனாலும் பத்திரிகைகள் சிக்கியைக் குரங்கு என்று எழுதின. சில வாரங்களிலேயே அவரைத் தடை செய்தார்கள். செனகலின் பிரதிநிதி பிளேஸ் தியாஞ் அதை பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் கேள்வியாக எழுப்பினார். 1925 டிசம்பரில் நியூயார்க் தெருவில் சிக்கி சுட்டுக் கொல்லப்பட்டுக் கிடந்தார்.

இப்போது சார்பட்டாவுக்கு வருவோம். இந்தப் படத்தின் பெரிய சாதனை, அணைந்துபோன விளக்கைத் திரும்பப் போட்டது. வடசென்னையின் பரம்பரைகளை, துறைமுகக் கூலியை, வீட்டுச் சுவரில் அம்பேத்கர் படத்தை எல்லாம் அது வெளிச்சத்தில் வைக்கிறது. அதைவிட முக்கியம், துணியை உருவும் ஏற்பாட்டைச் செய்கிற தணிகை எதிர்ப் பரம்பரைக்காரன் இல்லை, சார்பட்டாவுக்குள்ளேயே இருப்பவன். நம்ம ஆளு தோற்றாலும் பரவாயில்லை, 'அவன்' ஜெயிக்கக்கூடாது என்பதுதான் சாதியின் கணக்கு. இனவெறியிலிருந்து சாதி வேறுபடுகிற இடத்தை இரஞ்சித் சரியாகத் தொட்டிருக்கிறார். ஜெஃப்ரீஸுக்காக அழுதவர்கள் தன் இனத்தின் வெற்றிக்காகவாவது அழுதார்கள். தணிகைக்குத் தன் பரம்பரையின் வெற்றிகூட வேண்டாம்.

இது சினிமாக் கற்பனை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். படம் வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. டோக்கியோ ஒலிம்பிக் அரையிறுதியில் இந்தியப் பெண்கள் ஹாக்கி அணி அர்ஜென்டினாவிடம் தோற்றது. ஹரித்துவார் பக்கம் வந்தனா கட்டாரியாவின் வீட்டு முன்னால் ஆதிக்க சாதி ஆட்கள் பட்டாசு வெடித்து ஆடினார்கள், அணியில் தலித்துகள் அதிகமானதால்தான் தோல்வி என்று சாதி சொல்லித் திட்டினார்கள் என்று குடும்பத்தார் சொன்னார்கள். ஒலிம்பிக் ஹாக்கியில் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் போட்ட முதல் இந்தியப் பெண் அவர்தான். தேசம் தோற்றதற்கே பட்டாசு. தணிகைக்கு இதைவிட சாட்சி வேண்டுமா?

ஆனால் என் கேள்வி இரண்டாம் பாதியைப் பற்றியது. அவமானப்பட்ட கபிலன் குடித்து, உடம்பு பெருத்து, கடைசியில் பீடி ராயப்பனிடம் பயிற்சி எடுத்து மீள்கிறான். அழகாக எடுத்திருக்கிறார்கள். ஆனால் பிரச்சினை கபிலனின் தொப்பையில் வந்து நிற்கிறது. அவன் உடம்பு சரியானால் எல்லாம் சரியாகிவிடும் போல. கடைசி அடி விழுவது வேம்புலிமேல். அவனும் முஷ்டியை நம்பிப் பிழைக்கிறவன்தானே? துணியை உருவச் சொன்னவன் வளையத்துக்குள் இறங்கி ஒரு குத்துக்கூட வாங்குவதில்லை.

இந்தச் சிக்கல் முகமது அலிக்கும் இருந்தது. போருக்குப் போக மாட்டேன் என்று 1967இல் பட்டத்தை இழந்தவர் அவர். நாம் கொண்டாடும் மாவீரர். ஆனால் 1975இல் மணிலா சண்டைக்கு முன் ஜோ ஃப்ரேசியரை 'கொரில்லா' என்று கேலி செய்தார். தென் கரோலினாவின் ஏழை விவசாயக் குடும்பத்திலிருந்து வந்த கறுப்பர் ஃப்ரேசியர். சிக்கியை எந்தச் சொல்லால் அடித்தார்களோ கிட்டத்தட்ட அதே சொல், இந்த முறை நம்மாளின் வாயிலிருந்து. இரண்டு கறுப்பர்கள் உயிர்போக அடித்துக்கொண்டார்கள். சுற்றி உட்கார்ந்தவர்கள் பார்த்தார்கள். நம்ம எழுத்துக்கும் சினிமாவுக்கும் இது பாடமாக வேண்டாமா? யாரை அடிக்கிறோம் என்பதைவிட, யார் அடி வாங்காமலே தப்பிக்கிறான் என்று பார்க்க வேண்டாமா?

எழுதுகிற தோழர்களிடம் நான் கேட்பது இதுதான். நம்மவன் ஜெயித்த கதை வேண்டும், மறுக்கவில்லை. அதோடு ஃப்யூஸைப் பிடுங்கிய கையையும் எழுதுங்கள். அது யாருடைய கை, அன்று எந்தத் திண்ணையில் உட்கார்ந்திருந்தது, மறுநாள் எந்தப் பஞ்சாயத்தில் 'ஆட்டம் முடியலியே' என்று சொன்னது என்று எழுதுங்கள்.

போன பொங்கலுக்குப் பாகூர் பக்கம் ஒரு கபடி ஆட்டம் பார்க்கப் போயிருந்தேன். எல்லைக்கோட்டுக்கு வெளியே எங்க பசங்க இரண்டு பேர் ஆட்டம் முழுக்கக் கைபேசியைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றார்கள். 'கை வலிக்கலியாடா?' என்றேன். ஒருத்தன் திரும்பாமலே சொன்னான்: "லைட்டு போனாலும் இதுல டார்ச் இருக்கு மாமா."