வேதநாயக சாத்திரியார்: பூவும் பாட்டும் இருக்கையும்

புதியதொரு சமயம் ஒரு நாட்டில் வேரூன்றுங்கால், அந்நாட்டு மக்களின் அன்றாட வாழ்க்கையில் எதனை ஏற்பது, எதனை விலக்குவது என்னும் வினா எழுதல் இயல்பு. 1706ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் தொடங்கிய தமிழ்ச் சீர்திருத்தக் கிறித்தவமும் இவ்வினாவிலிருந்து தப்பவில்லை. அதற்குப் பாட்டாலும் வழக்காலும் விடை கூற முயன்றவர் தஞ்சை வேதநாயக சாத்திரியார். அவர் கூறிய விடையில் போற்றத்தக்கதும் உண்டு, மறுக்கத்தக்கதும் உண்டு. இரண்டையும் பிரித்தறிவதே திறனாய்வின் கடமை.

சாத்திரியார் 1774இல் திருநெல்வேலிச் சீமையில் பிறந்தார். அவர் தந்தையார் சைவ வேளாளராய் இருந்து கிறித்தவரானவர். சிறுவராய் இருந்தபோதே சுவார்ட்சு ஐயர் அவரைத் தஞ்சைக்கு அழைத்துச் சென்று கல்வி புகட்டினார். பின்னாளில் தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோசி மன்னரும் அவ்வையரின் அன்பில் வளர்ந்தவரே. சாத்திரியார் தஞ்சைச் சபைப் பள்ளியில் தலைமையாசிரியராய் விளங்கியவர், பின்னர் அரசவையின் ஆதரவையும் பெற்றார், 1864இல் மறைந்தார்.

அவருடைய நூல்களுள் தலைசிறந்தது 1800ஆம் ஆண்டளவில் எழுந்த பெத்லகேம் குறவஞ்சி. குறவஞ்சி என்பது உலா, காதல், பந்தாடல், குறி, பறவை பிடித்தல் என்னும் உறுப்புகளால் அமைந்த நாடகம். திருக்குற்றாலத்து இறைவனைத் திரிகூடராசப்பக் கவிராயர் இவ்வகையில் பாடினார். சரபோசி மன்னரைக் கொட்டையூர்ச் சிவக்கொழுந்து தேசிகர் பாடினார். அதே அரங்கில் சாத்திரியார் கிறித்துவைத் தலைவராகவும், தேவமோகினி என்பாளைத் தலைவியாகவும் நிறுத்தினார். பந்தாடும் இடத்தில், ஞாயிற்றைக் கோள்கள் சுற்றிவரும் புதிய வானநூற் செய்தியையும் பாட்டுக்குள் கொணர்ந்தார். குறவன் வீசும் வலை நற்செய்தியாகிறது. பறவைகள் மக்கள் உயிர்களாகின்றன. தமிழ் மரபு இங்கே வெறும் போர்வையன்று. பொருளையே தாங்கி நிற்கும் தூண் எனலாம்.

குறவஞ்சியோடு அவர் நின்றாரல்லர். உழவன் நீரிறைக்கும்போது பாடும் ஏற்றப்பாட்டு அவரிடம் ஞான ஏற்றப்பாட்டாயிற்று. தச்சுத் தொழில் ஞானத்தச்சன் நாடகமாயிற்று. கழனியிலும் பட்டறையிலும் பயின்ற சொற்கள் வழிபாட்டுக்குத் தகுதியற்றவை அல்ல என்பதை அவர் வாதிட்டு நிறுவவில்லை, பாடியே நிறுவினார். வேலை செய்வோனின் மொழியிலேயே இறைவனை நினைக்கலாம் என்பதே அவர் தமிழுக்கும் சமயத்துக்கும் செய்த பெரும்பணி.

இனி, 1829ஆம் ஆண்டை அடுத்து எழுந்த பூசலுக்கு வருவோம். சுவார்ட்சு ஐயர் 1798இல் மறைந்தபின் வந்த புதிய தொண்டர்கள் பல மாற்றங்களைப் புகுத்தினர். சாத்திரியார் அவற்றை நான்கு கொடுமைகளாக வகுத்து எதிர்த்தார். பப்ரிசியசு ஐயரின் பழைய விவிலிய மொழிபெயர்ப்பை மாற்றியது ஒன்று. கோயிலில் சாதிவாரியாக அமரும் வழக்கத்தை நீக்கி எல்லாரையும் கலந்து இருத்த முயன்றது ஒன்று. திருமணம் முதலியவற்றில் பூவை விலக்கியது ஒன்று. வழிபாட்டில் தமிழ்க் கீர்த்தனைகளைத் தடுத்தது ஒன்று.

இவற்றுள் மூன்றில் அவர் பக்கமே வலிமையுடையது. இரண்டு தலைமுறையினர் மனனம் செய்து கண்ணீரோடு சொல்லிய வேண்டுதற் சொற்களை மாற்றுவோர் மிகவும் தயங்குதல் வேண்டும். பூ என்பது தமிழர்க்கு மங்கலக் குறி. அது எச்சமயத்தாருக்கும் தனியுரிமையன்று. பாட்டை விலக்கினால் எழுத்தறியாதோர்க்கு வேதமே விலகிவிடும். இவற்றால் அயலார் எவர்க்கும் இழப்பில்லை, இழிவும் இல்லை.

இருக்கையோ அத்தகையதன்று. சாதி சமயத்தைச் சேர்ந்ததன்று, உலக வழக்கே என்பது அக்கால வேளாளக் கிறித்தவரின் வாதம். உலக வழக்கு என்றே கொள்வோம். அவ்வழக்கு மற்றொரு மனிதனைத் தள்ளி உட்கார வைத்தே நிலைபெறுகிறது. பூச்சூடுவதால் எவரும் தாழ்வதில்லை. இருக்கை பிரிப்பதால் ஒருவர் தாழ்ந்தே தீரவேண்டும். இவ்வேறுபாட்டைக் காணாது நான்கையும் ஒரே கட்டாகக் கட்டியதே சாத்திரியாரின் பிழை.

அவருக்கு எதிராக நிற்கும் சான்று அவர் கையாண்ட குறவஞ்சியே ஆகும். குறவஞ்சி மரபில் உயர்குடித் தலைவி தன் கையை நீட்ட, மலைக்குறத்தி அக்கையைப் பற்றிக் குறி சொல்வாள். நாட்டை அறிந்தவளும், வருவது உரைப்பவளும் அவளே. குறத்தியின் வாயில் ஞானத்தை வைத்துப் பாடிய புலவர், ஒடுக்கப்பட்ட குலத்தார் தம் அருகே அமர்வதைக் கொடுமை என்றார். அரங்கில் நீண்ட கை கோயிலில் மடங்கிவிட்டது. கவிதை அவரைவிட முன்னே சென்றது என்க.

எனினும் பழி முழுவதும் அவர்மேல் சுமத்துதல் நீதியாகாது. புதிய தொண்டர்களும் அதே கட்டினைத்தான் கையில் எடுத்தனர். சாதியை விலக்க வேண்டியது முறை; அதனோடு பூவையும் பாட்டையும் சேர்த்து எறிந்தது முறையன்று. 1833இல் பேராயர் தானியேல் வில்சன் சபையினின்றும் சாதியை உடனே அகற்றுமாறு ஆணையிட்டபோது, அவ்வாணை பலர் காதில் தம் பண்பாட்டையே பறிக்கும் ஆணையாக ஒலித்ததற்கு இக்கலப்பும் ஒரு காரணம் ஆகலாம். கட்டினை ஒருவர் முழுதும் காத்தார். மற்றவர் முழுதும் எறிந்தனர். அவிழ்த்துப் பார்த்தவர் சிலரே.

காலம் அதனை ஓரளவு அவிழ்த்துவிட்டது. சாத்திரியாரின் கீர்த்தனைகள் கடல் கடந்தும் தமிழ்ச் சபைகளில் வழங்குகின்றன. மணமாலையைக் குற்றம் என்பாரும் அரியர். ஆயினும் இருக்கைப் பிரிவின் நிழல் பெண் கொள்ளும்போதும் கொடுக்கும்போதும் இன்றும் தலைகாட்டுவதுண்டு. கூலாய் முதலிய ஜொகூர்ப் பகுதிகளின் தோட்டங்களுக்குக் கப்பலேறி வந்த முன்னோர் பொங்கலையும் கோலத்தையும் பாட்டையும் கொணர்ந்தனர். சாதியையும் அதே மூட்டையில் கொணர்ந்தனர். ஆகவே இது தஞ்சைக் கிறித்தவர்க்கு மட்டும் உரிய பழங்கதையன்று.

தமிழாசிரியர் பெத்லகேம் குறவஞ்சியை மாணவர்க்கு அறிமுகம் செய்யுங்கால் அதன் இனிமையை மறைக்க வேண்டுவதில்லை. ஆசிரியரின் வழக்கையும் மறைக்க வேண்டுவதில்லை. நம் மரபில் ஒவ்வொன்றையும் எடுத்து, இதனால் யார் மகிழ்கின்றனர், யார் தாழ்கின்றனர் என்று வினவ மாணவரைப் பழக்கினால் போதும். பூவும் பாட்டும் அவ்வினாவுக்கு முன் வாடாமல் நிற்கும். பிரித்திட்ட இருக்கை நில்லாது.