குடியாத்தத்தின் இரண்டாவது ஓட்டு

முதலமைச்சரான காமராஜர் எம்.எல்.ஏ. ஆக வேண்டியிருந்தது. 1954-ல் இடைத்தேர்தலில் நின்றார். தொகுதி குடியாத்தம். பெரியார் ஆதரித்தார், தி.மு.க. ஆதரித்தது, கம்யூனிஸ்டைத் தோற்கடித்து ஜெயித்தார். மேடைப் பேச்சாளர்களுக்கு இந்தக் கதை மனப்பாடம். அந்தக் குடியாத்தத்துக்கு அப்போது இரண்டு எம்.எல்.ஏ.க்கள் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

ஆமாம், ஒரே தொகுதி, ஒரே எல்லை, இரண்டு எம்.எல்.ஏ. 'இரட்டை உறுப்பினர் தொகுதி' என்று பெயர். 1952-ல், ஆந்திராவும் சேர்ந்திருந்த சென்னை ராஜ்யத்தில் தொகுதிகள் 309, உறுப்பினர்கள் 375. கணக்கு உதைக்கிறதே என்கிறீர்களா? அதில் 66 தொகுதிகள் இரட்டை. 1957-ல் 167 தொகுதிகளுக்கு 205 பேர்; அதாவது 38 இரட்டை. ஒவ்வொரு இரட்டையிலும் ஓரிடம் தாழ்த்தப்பட்டோருக்கு அல்லது பழங்குடியினருக்கு. மற்றது பொது.

வாக்காளருக்குக் கையில் இரண்டு ஓட்டு. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி வைத்திருந்த காலம் அது. இரண்டு சீட்டையும் ஒரே ஆளுக்குப் போடக் கூடாது. 1957-ல் குடியாத்தம் மக்கள் ஒரு கம்யூனிஸ்டையும் ஒரு காங்கிரஸ்காரரையும் சேர்த்தே அனுப்பினார்கள். விவரமான ஜனங்கள்!

இதில் எனக்குப் பிடித்த விஷயம், எண்ணும் முறை. முதலில் ஒதுக்கீட்டுக்கு உரியவர்களில் அதிக ஓட்டு வாங்கியவரை அந்த இடத்துக்கு ஜெயித்ததாக அறிவிப்பார்கள். பிறகு மிச்சமிருக்கும் எல்லோரிலும் யார் முதலோ, அவருக்குப் பொது இடம். அவரும் தலித்தாகவோ பழங்குடியாகவோ இருந்தால்? இருந்துவிட்டுப் போகட்டும், பொது என்றால் எல்லோருக்கும் பொதுதானே என்றது சட்டம்.

சட்டசபைக்கு இருந்த இதே விதிதான் நாடாளுமன்றத்துக்கும். 1957-ல் ஆந்திராவின் பார்வதிபுரம் இரட்டைத் தொகுதியில் பொது இடத்துக்கு நின்றவர் சாதாரண ஆளில்லை. மத்திய அமைச்சராக இருந்த, பின்னால் ஜனாதிபதியான வி.வி.கிரி. ஓட்டு எண்ணினால், முதல் இரண்டு பேருமே பழங்குடியினர். ஒருவருக்குத் தனி இடம், இன்னொருவரான சூரி தோராவுக்குப் பொது இடம், கிரிக்கு வீடு. அவர் சும்மா இருக்கவில்லை. ஒதுக்கீட்டு இடத்துக்கு நின்றவர் பொது இடத்தை எடுத்துக்கொள்வது எப்படி என்று சுப்ரீம் கோர்ட் வரை போனார். 1959-ல் கோர்ட், சூரி தோரா ஜெயித்தது செல்லும் என்றது.

1961-ல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்து இரட்டைத் தொகுதிகளையே ஒழித்தது. தொகுதி ரொம்பப் பெரிசு, செலவு ஜாஸ்தி, சமாளிக்க முடியவில்லை என்பவை இரட்டைத் தொகுதியைப் பற்றிச் சொல்லப்பட்ட குறைகள். எல்லாம் நிஜம்தான். ஆனால் 1957, 1959, 1961 என்று வருஷங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், எனக்கென்னவோ பெரிசு, சிறிசு மட்டும் பிரச்னையாகத் தெரியவில்லை.

இரட்டைத் தொகுதி சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. 1952-ல் வட பம்பாய் இரட்டைத் தொகுதியில் அம்பேத்கரே தோற்றார். அங்கே 74 ஆயிரம் சீட்டுகளுக்கு மேல் தள்ளுபடி. இரண்டு ஓட்டையும் ஒருவருக்கே போட்டு வீணாக்கச் சொல்லிப் பிரசாரம் நடந்தது என்று வழக்குப் போட்டார், பலன் இல்லை. இரண்டாவது ஓட்டை மனசோடு போடவும் முடியும், வேண்டுமென்றே கெடுக்கவும் முடியும்.

ஆனால் ஒரு நல்லது இருந்தது. 'எங்க தொகுதியை அவங்களுக்குக் கொடுத்துட்டாங்க' என்று யாரும் புலம்ப வழியில்லை. இரண்டு பேரும் ஒரே தொகுதிக்கு, ஒரே ஜனங்களிடம் பதில் சொல்ல வேண்டியவர்கள். பிரித்த பிறகு என்ன ஆயிற்று? 'தனி' என்றால் அவர்களுக்கு, 'பொது' என்றால் நமக்கு என்று ஆனது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை, நாம் அப்படிப் படித்துக்கொண்டோம். இந்தப் படிப்பு எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்குப் பாப்பாபட்டியும் கீரிப்பட்டியும் சாட்சி. பஞ்சாயத்துத் தலைவர் பதவி தலித்துக்கு என்றதும் 1996-லிருந்து பத்து வருஷம் ஒழுங்காகத் தேர்தல் நடத்தவிடவில்லை. ஜெயித்தவரை ராஜினாமா செய்ய வைத்தார்கள்.

கட்சிகள் மட்டும் யோக்கியமா? பெரம்பலூர் தனித் தொகுதியாக இருந்தபோது ஆ.ராசா அங்கே மூன்று முறை எம்.பி. 2009-ல் அது பொதுத் தொகுதியானது. அவர் புதிதாகத் தனித் தொகுதியான நீலகிரிக்குப் போய்விட்டார், பெரம்பலூருக்கு நடிகர் நெப்போலியன் வந்தார். மத்திய அமைச்சராக இருந்தவரையே பழகிய மண்ணில் பொது வேட்பாளராக நிறுத்தவில்லை. 2001-ல் திருச்சி பொதுத் தொகுதி இடைத்தேர்தலில் அ.தி.மு.க. தலித் எழில்மலையை நிறுத்தியது. திருச்சி மக்கள் ஜெயிக்க வைத்தார்கள். ஆக, தைரியம் வாக்காளரிடம் இருந்தது. அந்த உதாரணத்தைக் கட்சிகள் வழக்கமாக்கிக்கொள்ளவில்லை.

2025 மார்ச்சில் தொகுதி மறுவரையறைக்காகச் சென்னையில் அனைத்துக் கட்சிக் கூட்டம் கூடியது. நம் எம்.பி. எண்ணிக்கை குறையக் கூடாது என்ற கவலை நியாயமானது, சண்டை போடத்தான் வேண்டும். கூடவே அந்தக் கட்சிகள் ஒவ்வொன்றையும் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று பாக்கி இருக்கிறது. கோடு எங்கே போட்டாலும் சரி, உங்கள் பொதுத் தொகுதிப் பட்டியலில் எத்தனை தலித்துகள்?

குடியாத்தம் 2008 மறுசீரமைப்பில் தனித் தொகுதியானது. எம்.எல்.ஏ. ஒருவர், ஓட்டு ஒன்று. பக்கத்துப் பொதுத் தொகுதியில் ஒரு தலித்தை நிறுத்த எந்தப் புதுச் சட்டமும் வேண்டாம். வேட்பாளர் பட்டியலில் கையெழுத்துப் போடுகிறவர் மனசு வைத்தால் போதும்.