‘தரலாம்’ என்றொரு சலுகை

போன மாதம் திருவொற்றியூர் தேரடிப் பக்கம் ஒரு கல்யாணப் பந்தி. பக்கத்து இலைக்காரர் ஆடிட்டர். என் சித்தப்பாவின் விமான டிக்கெட் கதையைக் கேட்டுவிட்டு, ரசத்துக்குக் குழி பறித்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்: “இருநூறு ரூபா இன்சூரன்ஸ் போட்டிருந்தா இந்தப் புலம்பலே இல்ல சார். இப்ப மெடிக்கல் எமர்ஜென்சிக்குன்னு ரூலே கொண்டு வர்றாங்க. இன்னும் என்ன வேணும்?” ஒரே மூச்சில் இரண்டு வாதங்கள். பாயசம் வந்துவிட்டதால் அங்கே பதில் சொல்ல முடியவில்லை.

அவர் சொன்ன ரூல், விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் டி.ஜி.சி.ஏ. 2025 நவம்பரில் வெளியிட்ட வரைவு. அதில் நல்லவை இருக்கின்றன. முன்பதிவு செய்தபின் கட்டணமின்றி மாற்றவோ ரத்து செய்யவோ இருந்த 24 மணி நேர அவகாசத்தை 48 ஆக்கச் சொல்கிறது. ஏஜென்ட் வழியாக எடுத்த டிக்கெட்டுக்கும் பணத்தைத் திருப்பும் பொறுப்பு விமான நிறுவனத்துடையதே என்கிறது. மண்ணடி ஏஜென்ட் கடைகளில் ‘கம்பெனியில இருந்து இன்னும் வரல பாய்’ என்ற பதிலை வாங்கிக்கொண்டு திரும்பியவர்களுக்கு இதன் அருமை தெரியும். நோயாளி விஷயத்துக்கு வரும்போது மட்டும் வரைவின் குரல் இறங்கிவிடுகிறது. மருத்துவ அவசரத்தால் பயணி ரத்து செய்தால் நிறுவனம் பணத்தைத் திருப்பித் தரலாம், அல்லது அடுத்த டிக்கெட்டுக்கான வரவாக, அதாவது கிரெடிட் ஷெல்லாக, வைத்துக்கொள்ளலாம். ‘லாம்’.

விமான நிறுவனங்களின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. கிளம்பிவிட்ட விமானத்தின் காலி இருக்கை மறுநாள் கடையில் விலைபோகாது. ‘திருப்பித் தர மாட்டோம்’ என்ற நிபந்தனையில்தான் டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறது. பொய் மருத்துவச் சான்றைப் பற்றி அலுவலகத்தில் லீவு போட்ட யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. இதையெல்லாம் ஒப்புக்கொண்டே சொல்கிறேன்: இப்போதைய நடைமுறையில் ஒரு அடிப்படைக் கோணல் இருக்கிறது. அதை ‘லாம்’ நிமிர்த்தாது.

சித்தப்பா காலடிப்பேட்டைக்காரர். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகளின் வளைகாப்புக்கு மும்பை போக அவருக்கும் சித்திக்கும் ஒரே பி.என்.ஆரில் டிக்கெட். கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது இரவில் மூச்சுத் திணறல். அரசு மருத்துவமனையில் சேர்த்தார்கள். சித்தப்பா மகன், எனக்குத் தம்பி, விமான நிறுவனத்துக்குப் போன் போட்டான். தேதி மாற்றக் கட்டணம் உண்டு, புது டிக்கெட்டின் விலை வித்தியாசமும் கட்ட வேண்டும். இரண்டையும் கூட்டினால் பழைய டிக்கெட்டின் விலையைத் தாண்டியது. ‘மெடிக்கல்’ என்றதும் வேறு ஒரு மின்னஞ்சல் முகவரி கொடுத்தார்கள். லெட்டர் பேடில் சான்று, டாக்டரின் பதிவு எண், மருத்துவமனை முத்திரை, எந்தத் தேதி வரை பயணம் கூடாது என்ற வாசகம், எல்லாம் விமானம் கிளம்பும் முன்னே வந்து சேர வேண்டும்.

அரசு மருத்துவமனை வார்டில் லெட்டர் பேடு கேட்டுப் பார்த்தவர்களுக்குச் சிரிப்பு வரும். இருப்பது ஓ.பி. சீட்டு. பழுப்புத் தாள், ஊதா முத்திரை, பேனா மை ஊறிப் பரவிய நான்கு மருந்துப் பெயர்கள். ஒரு கட்டிலில் ஊசி போட்டுக்கொண்டே அடுத்த கட்டிலைப் பார்க்கும் டியூட்டி டாக்டர் சொன்னது சரியான பதில்தான்: “டிஸ்சார்ஜ் ஆகும்போது சம்மரி தருவோம்பா.” தம்பி சீட்டைக் கட்டில் கம்பியோடு சேர்த்துப் படம் பிடித்து அனுப்பினான். டிக்கெட்டின் கட்டண விதிப்படி இயலாது என்று பதில் வந்தது. சித்தியின் டிக்கெட்டுக்குத் தனியாக ஒரு வரி: அந்தப் பயணிக்கு உடல்நலக் குறைவு ஏதும் இல்லை. உண்மைதான். அவர் மூன்று இரவு கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருந்தார், அவ்வளவுதான்.

நான் ஆறு வாரம் கழித்து நடந்ததைத்தான் முக்கியமாக நினைக்கிறேன். வளைகாப்பு முடிந்துவிட்டாலும் மகளைப் பார்க்க வேண்டும் என்று மறுபடி டிக்கெட் போட்டார்கள், அதே நிறுவனத்தில். கவுன்ட்டரில் சித்தப்பா மூச்சு வாங்குவதைப் பார்த்த பெண் பணிவாகக் கேட்டாள்: “ஐயா, சமீபத்துல ஹாஸ்பிடல்ல இருந்தீங்களா? பறக்கலாம்னு டாக்டர் லெட்டர் இருக்கா?” டிஸ்சார்ஜ் சம்மரியை நீட்டினார்கள். அதே மருத்துவமனை, அதே ஊதா முத்திரை. இந்தத் தடவை அதை எழுத்தெண்ணிப் படித்தார்கள். மேலதிகாரியை அழைத்தார்கள். கடைசியில் தனியார் டாக்டர் ஒருவரிடம் ‘பறக்கத் தகுதி’ சான்று வாங்கி வந்த பிறகே போர்டிங் பாஸ் கையில் வந்தது.

அந்தப் பெண் செய்ததில் தவறில்லை. நோய் முற்றியவரையும் தொற்று உள்ளவரையும் ஏற்ற மறுக்க விமான நிறுவனங்களுக்கு உரிமை உண்டு. அதற்கென்றே உலகம் முழுக்க ‘மெடிஃப்’ என்ற படிவம் இருக்கிறது. நிறைமாதக் கர்ப்பிணியிடம் சான்று கேட்கிறார்கள், அம்மை போட்டவரைத் திருப்பி அனுப்புகிறார்கள். ‘உடம்பு சரியில்லாமல் வராதே’ என்பது அவர்களே வைத்திருக்கும் விதி. அதைக் கவுன்ட்டர் வரை போகாமல் வீட்டிலேயே மதித்து நின்றுவிடுகிறவரின் கட்டணத்தைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். டாக்டர் கையெழுத்து பயணியைத் தடுக்க வேண்டுமானால் செல்லும், அவர் பணத்தைத் திருப்ப வேண்டுமானால் செல்லாது. இதற்கு வியாபார நியாயம் எதையும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. கட்டணம் போய்விடுமே என்று காய்ச்சலை மாத்திரையில் அமுக்கிக்கொண்டு விமானம் ஏறுகிறவர்களை இந்த முறைதான் உருவாக்குகிறது. பக்கத்து இருக்கையில் நீங்களோ நானோ உட்கார்ந்திருப்போம்.

காலி இருக்கை வாதமும் இங்கே முழுசாக நிற்காது. தம்பி தகவல் சொன்னபோது விமானம் கிளம்ப ஒன்றரை நாள் இருந்தது. அந்த இரண்டு இருக்கைகளும் உடனே விற்பனைக்குத் திரும்பியிருக்கும், அதுவும் கடைசி நேர விலையில். அப்படி இருந்தும் பழைய கட்டணத்தைக் கையில் வைத்துக்கொள்வதை நஷ்ட ஈடு என்று எப்படிச் சொல்வது?

சரி, ஆடிட்டரின் இன்சூரன்ஸ். டிக்கெட் பக்கத்தில் சின்னக் கட்டமாக வரும் காப்பீட்டில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று படித்துவிட்டு டிக் போட்ட ஒருவரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை. ஏற்கெனவே உள்ள நோயைப் பல பாலிசிகள் ஒதுக்கி வைத்துவிடும். இருபது வருடச் சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் உள்ள சித்தப்பாவுக்கு மூச்சுத் திணறினால் அது எந்தக் கணக்கில் சேரும் என்பதை இன்சூரன்ஸ்காரர் முடிவு செய்வார். அதற்கும் அதே லெட்டர் பேடு, அதே பதிவு எண். ஓ.பி. சீட்டுக்காரர் அங்கேயும் வெளியேதான் நிற்பார். விமான நிறுவனம் தானாக விதிக்கும் அபராதத்துக்கு எதிராக, அதே நிறுவனத்தின் பக்கத்திலேயே பயணி காசு கொடுத்துக் காப்பீடு வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது வேடிக்கையான ஏற்பாடு. அதை விற்கும் விதமும் பிரசித்தம். நுகர்வோரை ஏமாற்றும் இணைய உத்திகள் பற்றி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் கொண்டுவந்த வழிகாட்டு நெறிகள் பதின்மூன்று தந்திரங்களைப் பட்டியலிடுகின்றன. வெட்கப்பட வைத்து விற்பதற்கு அங்கே தரப்பட்ட உதாரணமே விமான டிக்கெட்தான்: காப்பீடு வேண்டாம் என்றால் ‘நான் பாதுகாப்பில்லாமலே இருக்கிறேன்’ என்ற வாசகத்தை அழுத்த வைப்பது. ஆடிட்டர் பந்தியில் சித்தப்பாவைப் பற்றிச் சொன்னதும் கிட்டத்தட்ட அதே வாசகம்.

வரைவின் இன்னொரு பாதியான கிரெடிட் ஷெல் எனக்கு இதைவிட அதிகக் கவலை தருகிறது. பணத்தைக் கையில் வாங்குவதா, கிரெடிட் ஷெல்லாக விட்டுவைப்பதா என்பது பயணியின் விருப்பம், நிறுவனத்தின் வழக்கமாக அது இருக்கக் கூடாது என்று டி.ஜி.சி.ஏ.வின் பழைய விதியே சொல்கிறது. ஆரோக்கியமானவருக்கு இருக்கும் அந்தத் தேர்வை, ‘இதுவோ அதுவோ தரலாம்’ என்ற வாசகம் நோயாளி விஷயத்தில் நிறுவனத்தின் கைக்கு மாற்றிவிடுகிறது. டயாலிசிஸ் தொடங்கியவர் ஒரு வருடத்துக்குள் பறந்தாக வேண்டிய வரவை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? நிறுவனமே மூழ்கினால் ஷெல்லும் மூழ்கும். 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ், 2023 மே மாதத்தில் கோ ஃபர்ஸ்ட் என்று இரண்டு தடவை பார்த்தாயிற்று.

‘வேண்டும்’ என்று சொன்னால் நடக்காது என்பார்கள். 2025 டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோ விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தானபோது, 7ஆம் தேதி இரவு 8 மணிக்குள் பணத்தைத் திருப்பியாக வேண்டும் என்று அமைச்சகம் உத்தரவு போட்டது. நூற்றுக்கணக்கான கோடி ரூபாய் திரும்பியது. விமானத்துக்கு உடம்பு சரியில்லை என்றால் கெடு வைக்க முடிகிறது.

எங்கள் பக்கத்தில் 2023 டிசம்பர் மாதமே போதுமான உதாரணம். 4ஆம் தேதி மிக்ஜாம் புயலில் மீனம்பாக்கத்தில் ஓடுபாதை மூழ்கியது, விமானங்கள் ரத்து. அன்றைய பயணிகளுக்குப் பணமோ மாற்றுத் தேதியோ கேட்க வழி இருந்தது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவு எண்ணூரில் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பத்து ஜனங்கள் கண் எரிய, மூச்சு முட்ட, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் ஒருவருக்கு விடிகாலை விமானம் இருந்திருந்தால் அவர் பெயர் ‘நோ ஷோ’. விமான நிலையத்தின் மேல் விழும் பேரிடர் பேரிடராகவும், பயணியின் வீட்டின் மேல் விழுவது அவர் சொந்த விஷயமாகவும் எண்ணப்படுகிறது.

விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் விமான நிலையத்திலேயே இறங்கலாம், 2021 பிப்ரவரியிலிருந்து. அந்த வண்டியில் இப்போது முதல் விமானப் பயணத்துக்குப் போகும் குடும்பங்களை அடிக்கடி பார்க்கிறேன். அவர்களுக்குப் பழக்கமானது ரயில். ரயிலில் உறுதியான டிக்கெட்டைக் கிளம்புவதற்கு 24 மணி நேரம் முன்பு வரை அப்பா, அம்மா, மகன், மகள், உடன்பிறந்தோர், கணவன் அல்லது மனைவி பெயருக்கு மாற்றிக்கொள்ள முடியும். சித்தப்பா படுத்தால் தம்பி போவான், டிக்கெட் வீணாகாது. கணினிக்கு முந்திய காலத்துத் துறை என்று நாம் கேலி செய்யும் ரயில்வே, வீடு என்று ஒன்று இருப்பதையும் அதில் ஆள் மாற்றி ஆள் போவார்கள் என்பதையும் அறிந்திருக்கிறது. விமான டிக்கெட்டை அப்படி மகன் பெயருக்கு மாற்ற வழியே கிடையாது.

டி.ஜி.சி.ஏ.விடம் நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் எதுவும் இல்லை. ‘தரலாம்’ என்பதைத் ‘தர வேண்டும்’ என்று எழுதுங்கள். அரசு மருத்துவமனையின் சேர்க்கைச் சீட்டும் சான்றுதான் என்று ஒரு வரி சேருங்கள். உடனிருந்து பார்த்துக்கொள்ளும் ஒருவரையும் அதில் அடக்குங்கள். பொய்ச் சான்று கொடுத்தவரை டாக்டரின் பதிவு எண்ணை வைத்துப் பிடித்துத் தண்டியுங்கள், யாரும் தடுக்கவில்லை.

அதுவரை, வீட்டில் யாராவது படுத்துவிட்டால், விமானம் கிளம்பும்வரை காத்திருக்காமல் டிக்கெட்டை ரத்து செய்யுங்கள். அடிப்படைக் கட்டணத்தோடு எரிபொருள் கூடுதல் கட்டணத்தையும் சேர்த்த தொகைக்கு மேல் ரத்துக் கட்டணமாகப் பிடிக்க முடியாது. வரிகளும் விமான நிலையக் கட்டணங்களும் உங்கள் பணம். எவ்வளவு மலிவான டிக்கெட்டானாலும், நீங்கள் போகாமலே இருந்துவிட்டாலும் அவை திரும்பி வர வேண்டும். எழுதிக் கேளுங்கள். அந்த விதியில் ‘வேண்டும்’ என்றுதான் இருக்கிறது.