எண்ணாமல் விட்ட ஆள்

ஒரு நாவலைப் படித்து முடித்ததும், "இதில் வருவது நானேதான்" என்று ஒரு முறையேனும் சொல்லாத வாசகர் இரார். புகுந்த வீட்டில் துன்புற்ற பெண், கதையில் வரும் மருமகளிடம் தம்மைக் காண்கிறார். தம்பி தங்கையருக்காகப் படிப்பை விட்டுக்கொடுத்த மூத்த மகன், கதையில் வரும் மூத்த மகனுக்காகக் கண்ணீர் விடுகிறார். தம் துயரம் தமக்கு மட்டுமே உரியதன்று, அதை அறிந்த ஒருவர் எங்கோ இருந்து எழுதியிருக்கிறார் என்னும் ஆறுதல் அவர்களுக்கு உண்டாகிறது.

இவ்வாறுதலைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. அவிலா நகர்ப் புனித தெரேசா, அகுஸ்தீனாரின் 'ஒப்புதல்கள்' நூலைப் படிக்கத் தொடங்கியபோது அதில் தம்மையே கண்டதாகத் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். இளமையில் தாயோடு சேர்ந்து வீரசாகசக் கதைகளில் மூழ்கியவர் அவர். கதைமாந்தரோடு ஒன்றிப்போவது அவருக்குப் புதிதன்று. ஆனால் இம்முறை அவர் தம்மைக் கண்டது திருச்சபையின் பெரும் மறைவல்லுநரான அகுஸ்தீனாரிடம் அன்று. மனந்திரும்புவதை நாளைக்கு நாளைக்கென்று தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த அகுஸ்தீனாரிடம். இவ்வேறுபாடு சிறியது போல் தோன்றும். நாம் சொல்ல வருவது முழுவதும் இதைப் பற்றியதே.

பங்குப்பணியில் பல்லாண்டுகள் வாசகர்களோடு பழகியதில் ஒன்றைக் கவனித்து வருகிறோம். "இது நான்" என்று ஒருவர் சுட்டிக்காட்டும் பாத்திரம் பெரும்பாலும் துன்பத்துக்கு ஆளானவர். துன்பம் இழைத்தவரைச் சுட்டி "இது நான்" என்றவரைக் காண்பது அரிது. கதையில் வரும் மாமியாரிடம் தம்மைக் கண்ட மாமியார் யார்? கதையில் வரும் வட்டிக்காரனிடம் தம்மைக் கண்ட வட்டிக்காரர் யார்? நாவல்களில் இவர்கள் நிறைய இருக்கிறார்கள். நம் பங்குகளிலும் இல்லாமல் இல்லை. ஆயினும் இவர்கள் ஒருவரையொருவர் சந்தித்துக்கொள்வதே இல்லை.

வீரமாமுனிவர் இதை நன்கறிந்திருந்தார் என்றே தோன்றுகிறது. அவருடைய 'பரமார்த்த குருவின் கதை'யில் குருவும் சீடர் ஐவரும் ஆற்றைக் கடந்த பின் தலைகளை எண்ணிப் பார்க்கின்றனர். எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு மற்றவர்களை மட்டும் எண்ணுகிறான். ஐந்து பேரே தேறுகின்றனர். ஒருவரை ஆறு விழுங்கிவிட்டது என்று ஒப்பாரி வைக்கின்றனர். வழிப்போக்கன் ஒருவன் வந்து, ஒவ்வொருவர் முதுகிலும் ஓர் அடி கொடுத்து எண்ண வைத்த பின்னரே ஆறு பேரும் அகப்படுகின்றனர். சிறுவர்க்கான வேடிக்கைக் கதை என்று ஒதுக்கப்பட்ட இதனுள், வாசகரைப் பற்றிய கூர்மையான உண்மை ஒன்று ஒளிந்திருக்கிறது. மட்டி, மடையன் என்ற பெயர்களைப் படித்துச் சிரித்தவர்களுள், தம் பெயரையும் அந்தப் பட்டியலில் தேடியவர் எத்தனை பேரோ!

விவிலியத்தில் அந்த அடியைக் கொடுப்பவர் இறைவாக்கினர் நாத்தான். சாமுவேல் இரண்டாம் நூலின் பன்னிரண்டாம் அதிகாரத்தில், உரியாவின் மனைவியைக் கவர்ந்து, உரியாவைப் போர்முனையில் மடியச் செய்த தாவீதிடம் அவர் ஒரு கதை சொல்கிறார். ஆடுமாடுகள் மிகுந்த செல்வன் ஒருவன், தன் விருந்தாளிக்குச் சமைப்பதற்காக, ஏழையிடமிருந்த ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்துக்கொண்ட கதை அது. தாவீது உணர்ச்சியுள்ள வாசகர். ஏழைக்காக அவர் நெஞ்சம் கொதிக்கிறது; செல்வனுக்குச் சாவுத் தீர்ப்பே சொல்லிவிடுகிறார். ஒரு காலத்தில் ஆடு மேய்த்தவர் அல்லவா அவர்? ஆட்டுக்குட்டியை நெஞ்சோடு அணைத்து வளர்த்தவனின் இடத்தில் நிற்பது அவருக்கு எளிதாயிற்று. அந்த ஒற்றுமை பொய்யானதன்று, பழையது, அவ்வளவே. தாம் யாராக இருந்தோம் என்பதைக் கொண்டு தாவீது கதையைக் கேட்டார். இப்போது யாராக இருக்கிறார் என்பதை நாத்தான் சொல்ல வேண்டியிருந்தது. துன்புற்ற மருமகளின் கதையைப் படித்து அழும் மாமியாரையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். அவரும் மருமகளாக இருந்தவர்தாம். அவர் கண்ணீர் மெய்யானதே.

குருக்களும் இதற்கு விலக்கல்லர். குருக்களைப் பற்றிய நாவல்கள் உலக இலக்கியத்தில் பல உண்டெனினும், குருக்களால் மிகுதியும் விரும்பிப் படிக்கப்படுபவை இரண்டு. ஒன்று, பிரெஞ்சு எழுத்தாளர் ஜார்ஜ் பெர்னானோஸ் 1936-இல் வெளியிட்ட 'ஒரு நாட்டுப்புறக் குருவின் நாட்குறிப்பு'. மற்றது, ஆங்கிலேயரான கிரகாம் கிரீன் 1940-இல் வெளியிட்ட, இயேசு கற்பித்த செபத்தின் முடிவுரையிலிருந்து பெயர் பெற்ற, 'வல்லமையும் மாட்சியும்' என்று பொருள்படும் நாவல்.

பெர்னானோசின் நாயகன், வட பிரான்சில் ஆம்ப்ரிக்கூர் என்னும் சிற்றூரின் இளம் பங்குக்குரு. அவர் பெயரைக் கதை நமக்குச் சொல்வதே இல்லை. வயிற்று நோயால், மலிவான திராட்சை இரசத்தில் தோய்த்த ரொட்டியன்றி வேறெதுவும் அவரால் உண்ண இயலவில்லை. ஊரார் அவரைக் குடிகாரர் என்கின்றனர். மறைக்கல்விக்கு வரும் சிறுமியரும் ஏளனம் செய்கின்றனர். குழந்தையை இழந்த துயரில் கடவுளையே வெறுத்து வாழ்ந்த சீமாட்டி ஒருவர், இவருடன் நிகழ்ந்த நெடிய உரையாடலுக்குப் பின் மன அமைதி அடைகிறார். அன்றிரவே இறந்தும் போகிறார். அந்தச் சாவின் பழி இவர்மேல் விழுகிறது. தனிமையும், உழைப்புக்கு நன்றியின்மையும், மேலிடத்தின் ஐயமும் அறியாத பங்குக்குரு யார்? ஆகவே இந்நாட்குறிப்பைத் திறக்கும் குரு எவரும் பத்தாம் பக்கத்திலேயே "இவர் நான்" என்று முடிவு செய்துவிடுகிறார். அவருடைய தனிமையை எடுத்துக்கொள்கிறோம். அவருடைய ரொட்டியை எடுத்துக்கொள்வதில்லை. அதே நாவலில், கடைக்காரர்களின் கணக்கைப் பற்றியும் ஊர்ப் பெரியவர்களைப் பகைத்துக்கொள்ளலாகாது என்பது பற்றியும் இளங்குருவுக்கு நல்லறிவு புகட்டும் மூத்த குருவும் வருகிறார். ஐம்பது வயதைக் கடந்த வாசகக் குருக்கள் அப்பக்கங்களைச் சற்று விரைவாகவே புரட்டிவிடுகின்றனர்.

கிரீனின் நாவலில் நிலைமை இன்னும் சிக்கலானது. 1930-களில் மெக்சிக்கோவின் தபாஸ்கோ மாநிலத்தில் திருச்சபை கடுமையாக ஒடுக்கப்பட்டது; குருக்கள் திருமணம் செய்துகொள்ள வேண்டும் என்று அங்கே சட்டம் இருந்தது. 1938-இல் அந்நாட்டில் பயணம் செய்த கிரீன், அப்பின்னணியில் இக்கதையை எழுதினார். நாயகன் மறைந்து திரியும் குரு, மதுவுக்கு அடிமை, ஒரு பெண் குழந்தைக்குத் தந்தை, அச்சம் மிகுந்தவர். எனினும், இறக்கும் தறுவாயிலிருக்கும் கொள்ளையன் ஒருவனின் ஒப்புரவுக்காக, வலை விரிக்கப்பட்டிருக்கிறது என்று தெரிந்தே திரும்பி வந்து பிடிபடுகிறார்.

இந்நாவலைக் குறித்து எழுந்த எதிர்ப்பு, நாம் பேசும் பொருளுக்கு நல்ல சான்று. கோட்பாடுகளைக் கண்காணிக்கும் உரோமைப் பேராயம் 1953-இல் இந்நூலைக் கண்டித்தது. வெஸ்ட்மின்ஸ்டர் கர்தினால் வாயிலாகச் செய்தி கிரீனை எட்டியது. அவர் நூலை மாற்றவில்லை. 1965-இல் அவரைச் சந்தித்த திருத்தந்தை ஆறாம் பவுல், தாம் அந்நூலைப் படித்திருப்பதாகக் கூறி, அவருடைய நூல்களின் சில பகுதிகள் சில கத்தோலிக்கரின் மனத்தை எப்போதும் புண்படுத்தத்தான் செய்யும், அதைப் பொருட்படுத்த வேண்டாம் என்று தேற்றினார். 1947-இல் ஜான் ஃபோர்டு இக்கதையைத் திரைப்படமாக்கியபோது, குருவைக் குற்றமற்றவராக்கிவிட்டுக் குழந்தையின் தந்தையாகக் காவல் அதிகாரியை ஆக்கினார்! கண்டித்தவர்களும் திருத்தியவர்களும் கேட்டது ஒன்றே: கதையில் வரும் குரு, நாம் எவரைப் போல் இருக்க விரும்புகிறோமோ அவரைப் போல் இருக்க வேண்டும்.

இந்த விருப்பத்தைக் கிரீன் தம் நாவலுக்குள்ளேயே ஒரு பாத்திரமாக்கி வைத்திருக்கிறார். பக்தியுள்ள தாய் ஒருவர், இளம் மறைச்சாட்சி ஒருவரின் வரலாற்றைத் தம் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுகிறார். பிறந்தது முதல் பிழையே செய்யாத மறைச்சாட்சி அவர். கேட்கும் சிறுவனோ சலிப்புறுகிறான். தன்னைப் போன்ற எவரும் அந்நூலில் இல்லை என்பதை அவன் அறிவான். அவர்கள் வீட்டில் ஒருமுறை ஒளிந்திருந்த, மது நாற்றம் வீசிய குரு சுட்டுக்கொல்லப்பட்ட பின்னர், அவரும் மறைச்சாட்சியே என்கிறார் தாய். சிறுமியருள் ஒருத்தி அந்த நாற்றத்தை நினைவுபடுத்த, தாய் அவளை அடக்குகிறார். நாற்றத்தை நீக்கிவிட்டால், இவ்வரலாறும் சில ஆண்டுகளில் அந்தப் பழைய நூலைப் போலவே ஆகிவிடும்.

பொதுநிலையினர் நின்று படிக்க வேண்டிய இடம் சிறைக் காட்சி. இருண்ட அறையில் திருடரும் கொலைகாரரும் நெருக்கியடித்துக் கிடக்கின்றனர். பக்தி நூல்களை வீட்டில் வைத்திருந்ததற்காகச் சிறைப்பட்ட பெண்மணி ஒருவரும் அங்கிருக்கிறார். விசுவாசத்திற்காகத் துன்புறுபவர் அவர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவருக்கு அருகிலிருப்போர்மேல் அருவருப்பே மிஞ்சுகிறது. அவர்களிடம் இரக்கம் காட்டும் குருவைக் கண்டு வெகுண்டு, ஆயருக்கு எழுதப்போவதாகவும் சொல்கிறார். நம் இறைமக்கள் பலரும் தம்மைக் கதைக்குள் வைத்துப் பார்க்கும்போது இப்பெண்மணியை எண்ணாமல் விட்டுவிடுகின்றனர். ஊதாரி மைந்தன் உவமையைக் கேட்கும்போதும் இவ்வாறே. ஞாயிறு தவறாமல் கோவிலுக்கு வருவோர், எப்படித் தூர தேசம் போன இளையவனாகவே தம்மைக் கருதிக்கொள்கின்றனர் என்பது நமக்கு விளங்காத புதிர். வீட்டுக்கு வெளியே நின்ற மூத்தவனோடு தந்தை பேசியதைச் சொன்ன லூக்கா, அவன் உள்ளே போனானா என்பதைச் சொல்லவில்லை.

குருக்கள் நின்று படிக்க வேண்டியதோ பாத்ரே ஹோசே வரும் பக்கங்கள். அரசின் ஆணைக்குப் பணிந்து, திருமணம் செய்துகொண்டு, உதவித்தொகை பெற்று வாழும் முதிய குரு அவர். தெருப் பிள்ளைகளும் அவரைக் கேலி செய்கின்றனர். கல்லறைத் தோட்டத்தில் ஒரு குழந்தையை அடக்கம் செய்ய வந்த குடும்பத்தார், ஒரே ஒரு செபம் சொல்லுமாறு அவரிடம் மன்றாடுகின்றனர். யாரேனும் காட்டிக்கொடுத்துவிடுவார்கள் என்று அஞ்சி மறுத்துவிடுகிறார். கதையின் இறுதியில், சாவுக்குக் காத்திருக்கும் நாயகனுக்காக, அவரைப் பிடித்த காவல் அதிகாரியே இரவில் ஹோசேயின் வீட்டுக்கு வந்து, ஒப்புரவு கேட்க அழைக்கிறார். திருச்சபையை வெறுப்பவர் அவர். ஆனால் துறவியின் சிற்றறை போன்ற அறையில் வாழும் அம்மனிதரிடம் குருத்துவத்தின் சாயல் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஹோசே வரவில்லை, மனைவி விடவில்லை, அச்சமும் விடவில்லை. நாயகன் ஒப்புரவின்றியே சுடப்படுகிறார்.

ஹோசேயைப் போன்றவர் என்று தம்மைச் சொல்லிக்கொள்ளும் குருவைக் காண்பது அரிது. நாம் துப்பாக்கிக்கு முன் நிற்பவர்கள் அல்லவே என்போம். ஆயினும் அவர் மறுத்த முதல் செயல் துணிவைக் கேட்கும் பெருஞ்செயலன்று. ஒரு குழந்தைக்காக ஒரு செபம். அத்தகைய வேண்டுகோள் எந்தப் பங்குத்தளத்திலும், எந்தக் கிழமையிலும் வாசற்படிக்கு வரும்; நேரமில்லை, ஊர்க்கட்டுப்பாடு இருக்கிறது, கணக்குத் தீரவில்லை என்று மறுக்கப்படவும் கூடும்.

பெர்னானோசும் தம் நாயகனின் சாவருகே ஒரு வழுவிய குருவை வைத்திருக்கிறார் என்பது இங்கே ஒப்புநோக்கத் தக்கது. ஆம்ப்ரிக்கூர் குரு உயிர் விடுவது லீல் நகரில், தம் பழைய குருமட நண்பர் துஃப்ரெட்டியின் வீட்டில். துஃப்ரெட்டி குருத்துவப் பணியை விட்டுவிட்டு ஒரு பெண்ணோடு வாழ்பவர். அழைக்கப்பட்ட குரு வந்துசேரத் தாமதமாகிறது. சாகும் நண்பர் இவரிடமே பாவமன்னிப்பைக் கேட்கிறார். தம் நிலையை எண்ணித் தயங்கினாலும் துஃப்ரெட்டி அதை வழங்குகிறார். பணியுரிமை இழந்த குருவும், இறக்கும் ஆபத்திலிருப்பவருக்குப் பாவமன்னிப்பு வழங்கலாம் என்பது இன்றைய திருச்சபைச் சட்டத்திலும் (976) உள்ளதே. ஹோசே மறுத்ததைத் துஃப்ரெட்டி செய்தார். இருவரும் வழுவியவர்கள், இருவரும் அஞ்சியவர்கள், இருவரிலும் தம்மைக் கண்டதாக எந்தத் திறனாய்வாளரும் பெருமைப்பட்டுக்கொள்வதில்லை.

ஆனால் பெர்னானோசின் நாவலின் கடைசிப் பக்கங்கள் நாட்குறிப்பு அல்ல. நாயகனின் பேனா அதற்குள் நின்றுவிட்டது. அவர் எப்படி இறந்தார், கடைசியாக என்ன சொன்னார் என்பதை மற்றொரு பங்குக்குருவுக்கு எழுதித் தெரிவிக்கும் கடிதம் அது. எழுதியவர் துஃப்ரெட்டி.