தொகுதி மேம்பாட்டு நிதி: திருவண்ணாமலையிலிருந்து ஒரு மதிப்பீடு

மக்கள் வழக்கில் 'எம்.பி. நிதி' எனப்படும் நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி என்பது, தம் பகுதிக்குத் தேவை என்று உறுப்பினர் கருதும் நிலையான பொதுச் சொத்துகளை உருவாக்குமாறு மாவட்ட நிர்வாகத்துக்கு அவர் பரிந்துரைப்பதற்காக ஒன்றிய அரசு ஆண்டுதோறும் ஒதுக்கும் தொகையாகும். 1993 டிசம்பர் 23 அன்று பிரதமர் பி.வி. நரசிம்ம ராவ் அறிவித்த இத்திட்டம், உறுப்பினர் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் என்று தொடங்கி, மறு நிதியாண்டிலேயே 1 கோடியாகவும், 1998-99இல் 2 கோடியாகவும், 2011-12இல் 5 கோடியாகவும் உயர்ந்தது. மக்களவை உறுப்பினர் தம் தொகுதிக்குள்ளும், மாநிலங்களவை உறுப்பினர் தம்மைத் தேர்ந்தெடுத்த மாநிலத்தின் எந்த மாவட்டத்திலும் பணிகளைப் பரிந்துரைக்கலாம். பணம் அவர்கள் கைக்கு வருவதில்லை, ஆய்ந்து ஒப்புதல் அளிப்பதும் செலவிடுவதும் மாவட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. வேலைவாய்ப்பு, முன்னாள் படைவீரர் நலன், மின்சாரம் என்று வாக்காளர் தம் உறுப்பினரிடம் எதிர்பார்க்கும் பெரிய காரியங்களில் இந்த நிதி எவ்வளவு தூரம் செல்லக்கூடியது என்பதைத் திருவண்ணாமலையை முன்வைத்து ஆராயும்போது, அதன் பயனும் குறையும் ஒரே வேரிலிருந்து கிளைப்பது தெரியவருகிறது.

1989இல் பழைய வட ஆர்க்காடு மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட திருவண்ணாமலை மாவட்டமும், 2009 முதல் தேர்தல் கண்டுவரும் இன்றைய திருவண்ணாமலை மக்களவைத் தொகுதியும் ஒரே எல்லை கொண்டவை அல்ல. தொகுதியின் ஆறு சட்டமன்றப் பிரிவுகளில் திருவண்ணாமலை, கீழ்பென்னாத்தூர், செங்கம், கலசபாக்கம் ஆகிய நான்கு இம்மாவட்டத்திலும், ஜோலார்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய இரண்டு 2019இல் உருவான திருப்பத்தூர் மாவட்டத்திலும் உள்ளன. மாவட்டத்தின் எஞ்சிய பகுதிகளான போளூர், ஆரணி, செய்யாறு, வந்தவாசி ஆகியவை ஆரணி மக்களவைத் தொகுதியைச் சேர்ந்தவை. ஆண்டுக்கு 5 கோடி என்பதை ஆறு பிரிவுகளுக்குச் சமமாகப் பகிர்ந்தால் பிரிவுக்கு 83 லட்சம் ரூபாய் அளவே கிடைக்கும். அதுவும் உறுதியான வருவாயன்று. கொரோனா தொற்றின்போது 2020-21ஆம் ஆண்டுக்கான நிதி முழுமையாக நிறுத்தப்பட்டு, 2021-22இன் எஞ்சிய காலத்துக்கு 2 கோடி மட்டுமே வழங்கப்பட்டதால், 2019இல் வென்று 2024இல் மீண்டும் தேர்வான சி.என். அண்ணாதுரைக்கு முதல் ஐந்தாண்டில் 25 கோடிக்குப் பதிலாக அதிகபட்சம் 17 கோடியே ஒதுக்கீடாக அமைந்திருக்க முடியும். நாடு முழுவதும் எல்லா உறுப்பினருக்கும் நேர்ந்த கதிதான் இது.

இத்தொகையின் சிறப்பு அதன் சிறுமையிலேயே இருக்கிறது. பள்ளிக்கு ஒரு வகுப்பறை, நியாயவிலைக் கடைக்குச் சொந்தக் கட்டடம், மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி, பயணியர் நிழற்குடை போன்றவை துறைகளின் முன்னுரிமைப் பட்டியலில் ஆண்டுக்கணக்கில் கடைசியிலேயே நிற்கக்கூடியவை. அவற்றை ஒரு பரிந்துரைக் கடிதத்தால் முன்னுக்குக் கொண்டுவர முடிவது மெய்யான நன்மை. ஆண்டு ஒதுக்கீட்டில் 15 விழுக்காடு பட்டியல் சாதியினர் வாழும் பகுதிகளுக்கும், 7.5 விழுக்காடு பழங்குடியினர் வாழும் பகுதிகளுக்கும் செல்ல வேண்டும் என்ற விதி, ஜவ்வாதுமலையின் மலையாளிப் பழங்குடிச் சிற்றூர்களைக் கொண்ட ஒரு மாவட்டத்தில் வெறும் சடங்காக இருக்க வேண்டியதில்லை. செலவழியாத தொகை ஆண்டு முடிந்ததும் காலாவதியாகாமல் நிற்பதும் ஒரு வசதி.

மின்சாரத்துக்கு வரும்போது இச்சிறப்பின் மறுபக்கம் புலப்படுகிறது. ஊர்கள்தோறும் நாற்சந்திகளில் நிற்கும் உயர்கோபுர மின்விளக்கு எம்.பி. நிதி, எம்.எல்.ஏ. நிதி ஆகியவற்றின் விருப்பமான பணிகளுள் ஒன்று. விரைவில் முடியும், தொலைவிலிருந்தே தெரியும், இரவில் பயன் தரும். ஆனால் நிதியின் விதிகள் சொத்தை உருவாக்க அனுமதிக்கின்றனவே தவிர, பராமரிப்புச் செலவை ஏற்பதில்லை. விளக்கு எரியத் தொடங்கிய நாள் முதல் மின் கட்டணமும், பழுதுபார்க்கும் பொறுப்பும் ஊராட்சியின் தலையில் விழுகின்றன. சொந்த வருவாய் குறைந்த ஒரு ஊராட்சிக்கு இது கேட்டுப் பெற்ற கொடை போலத் தோன்றினாலும் நடைமுறையில் ஆண்டுதோறும் கட்ட வேண்டிய கடனாகவே முடிகிறது. கொடுத்தவர் பெயர் கல்லில் நிலைத்திருக்க (பணியின் மதிப்பையும் பரிந்துரைத்த உறுப்பினரின் பெயரையும் தாங்கிய பலகையை வைக்குமாறு விதிகளே பணிக்கின்றன) விளக்கு அணைந்தால் ஏச்சு கேட்பவர் ஊராட்சித் தலைவர். சூரிய சக்தித் தெருவிளக்குகள் கட்டணச் சுமையைக் குறைக்கும் என்றாலும், மின்கலம் மாற்றும் செலவு வேறு வடிவில் அதே கேள்வியை எழுப்பும்.

கிரிவலப் பாதையின் நிலையும் இங்கே கருதத்தக்கது. வழிபாட்டிடங்களுக்குள் இந்நிதியைச் செலவிட முடியாது. எனினும் அண்ணாமலையைச் சுற்றிச் செல்லும் 14 கிலோமீட்டர் பாதை பொதுச் சாலையாதலால் அங்கே குடிநீருக்கும் கழிப்பறைக்கும் விளக்குக்கும் தடை இருக்க வேண்டியதில்லை. பௌர்ணமிதோறும், அதனினும் மேலாகக் கார்த்திகை தீபத்தன்றும் திரளும் கூட்டத்துக்குக் கட்டடத்தைக் காட்டிலும் துப்புரவுப் பணியாளர்களும் அன்றாடப் பராமரிப்புமே தேவை. அவற்றை 2024இல் மாநகராட்சியாக உயர்த்தப்பட்ட உள்ளாட்சி அமைப்பால் தர முடியும். நிலையான சொத்துக்கென்றே வரையறுக்கப்பட்ட நிதியால் முடியாது.

வேலைவாய்ப்பில் நிதியின் வரம்பு இன்னும் வெளிப்படையானது. மாவட்டத்தில் ஆயிரக்கணக்கானோருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, வேலை தருவது செய்யாறு சிப்காட் வளாகத்திலுள்ள காலணித் தொழிற்சாலை. சிப்காட் என்பது தொழிற்பேட்டைகளை அமைக்கும் மாநில அரசின் நிறுவனம். அவ்வளாகம் ஆரணித் தொகுதியில் அமைந்திருப்பதோடு, அங்கே வேலைகளைக் கொண்டுவந்தவை நிலம், சாலை, சென்னையின் அண்மை, மாநில அரசின் தொழிற்கொள்கை ஆகியவையே. அதே கொள்கையின் மறுமுனையில் 2023இல் செய்யாறு அருகே மேல்மா பகுதியில் சிப்காட் விரிவாக்கத்துக்காக 3,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தைக் கையகப்படுத்த முற்பட்டபோது விவசாயிகள் மாதக்கணக்கில் போராடினர். அவர்களுள் சிலர் மீது குண்டர் தடுப்புச் சட்டம் பாய்ந்து, எதிர்ப்புக்குப் பின் விலக்கிக்கொள்ளப்பட்டது. விளைநிலத்தை இழப்பவருக்கும் வேலை பெறுபவருக்கும் இடையே நின்று பேசுவதுதான் மக்கள் பிரதிநிதியின் அசலான பணி என்று கொண்டால், அதற்கு நிதி எதுவும் தேவைப்படுவதில்லை, துணிவு மட்டும் தேவைப்படுகிறது.

முன்னாள் படைவீரர்களின் நிலையில் வாதம் இன்னும் கூர்மையாகிறது. அவர்களுடைய தேவைகள் ஓய்வூதியம், மருத்துவம், மறுவேலை என்று பெரும்பாலும் தனிமனிதர் சார்ந்தவை. மாற்றுத்திறனாளிகளுக்கான மூன்று சக்கர வண்டி போன்ற சில விலக்குகள் நீங்கலாகத் தனிநபர் பயனுக்கு இந்நிதியைச் செலவிட முடியாது. ஆயினும் அவர்களுக்குக் கிடைத்த மிகப் பெரும் பயன்களுள் ஒன்றான 'ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்', அதாவது ஒரே பதவியில் ஒரே அளவு காலம் பணியாற்றியோர் எந்த ஆண்டில் ஓய்வுபெற்றாலும் சமமான ஓய்வூதியம் பெற வேண்டும் என்ற கொள்கை, நாடாளுமன்றத்தின் வழியாகவும் வலுப்பெற்றது. பகத் சிங் கோஷியாரி தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு 2011 டிசம்பரில் அதைப் பரிந்துரைத்தது. படைவீரர்களின் நெடிய போராட்டத்துக்குப் பின், 2014 ஜூலை 1 முதல் கணக்கிடும் வகையில் 2015 நவம்பரில் அரசு ஆணை வந்தது. அந்த ஆணை தீர்க்காத குறைகளும் உண்டு. ஆயினும் ஒரு குழு மனுக்களைக் கேட்டு எழுதிய அறிக்கை, எந்தத் தொகுதி நிதியும் எட்டாத அளவுக்கு, ஊர்ப்பெயர் தெரியாத ஓய்வூதியர் வீடுகள் வரை சென்றது. தமிழ்நாடு அரசு 2024இல் அறிவித்த 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டமும், முன்னாள் படைவீரர் தொழில் தொடங்க 1 கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு 30 விழுக்காடு மூலதன மானியம் தருவதால், நிழற்குடைகளைவிடப் பயனுள்ள கருவியாகக் கொள்ளத்தக்கது.

தொகுதி நிதியை முற்றாக ஒழிக்க வேண்டும் என்று அரசமைப்புச் செயல்பாட்டை ஆராய்ந்த நீதிபதி வெங்கடாசலய்யா ஆணையம் 2002இலும், இரண்டாவது நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் 2007இலும் பரிந்துரைத்தன. சட்டம் இயற்றி நிர்வாகத்தைக் கேள்வி கேட்க வேண்டியவரே நிர்வாகத்தின் பங்காளியானால் கேள்வி மழுங்கும் என்பது அவர்களின் கவலை. உறுப்பினர் பரிந்துரைக்க மட்டுமே செய்கிறார் என்பதால் அதிகாரப் பிரிவினைக் கோட்பாடு மீறப்படவில்லை என்று 2010 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தின் நோக்கில் தீர்ப்பு சரியானதே. எனினும் மாவட்ட ஆட்சியர் ஓர் உறுப்பினரின் பரிந்துரையை எவ்வளவு எளிதாக மறுப்பார் என்பது சட்டப் புத்தகத்தில் அடங்கும் செய்தியன்று. கென்யாவின் உச்ச நீதிமன்றம் 2022இல் இதையொத்த நிதியை அரசமைப்புக்கு முரணானது என்று அறிவித்தது. அமெரிக்காவின் செனட் உறுப்பினருக்கு இப்படிச் சொந்த ஒதுக்கீடே கிடையாது. தம் மாநிலத்துக்கான திட்டத்தை அவர் தம் பெயருடன் பகிரங்கமாகக் கோரி, அவையின் ஒப்புதலோடு நிதிநிலைச் சட்டத்தில் இடம்பெறச் செய்ய வேண்டும்.

நிதியை ஒழிப்பதைவிட அதன் இடத்தைச் சுருக்குவதே இந்தியச் சூழலுக்குப் பொருந்தும். பராமரிப்புக்கும் மின் கட்டணத்துக்கும் ஏற்பாடு காட்டாத பணிகளுக்கு ஒப்புதல் மறுக்கப்பட வேண்டும். உறுப்பினரின் திறனோ வேறோர் இடத்தில் அளக்கப்பட வேண்டும். ஒன்றிய அரசின் திட்டங்கள் மாவட்டத்தில் நடக்கும் விதத்தைக் கண்காணிக்க 2016இல் 'திஷா' என்ற பெயரில் அமைக்கப்பட்ட மாவட்ட வளர்ச்சி ஒருங்கிணைப்பு மற்றும் கண்காணிப்புக் குழுவுக்கு மக்களவை உறுப்பினரே தலைவர். அவருடைய 5 கோடியைவிடப் பன்மடங்கு பெரிய தொகைகள் அங்கே கணக்குக் கேட்கக் கிடக்கின்றன. இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலேயே ஒப்புதல் பெற்றும் இன்னும் முடியாத திண்டிவனம்–திருவண்ணாமலை ரயில் பாதையைத் தொகுதி நிதியால் போட முடியாது, நாடாளுமன்றத்தில் இடைவிடாது கேட்கத்தான் முடியும். எனவே திருவண்ணாமலை வாக்காளர் தம் உறுப்பினரிடம் எத்தனை நிழற்குடைகள் எழும்பின என்பதற்கு முன்பாக, திஷா குழு இவ்வாண்டு எத்தனை முறை கூடியது, அதன் நடவடிக்கைக் குறிப்புகள் தமிழில் எங்கே வெளியாகியுள்ளன என்று கேட்கட்டும்.