ஒரு சாண் தாளில் ஹம்மமெத்

1914 ஏப்ரலில் துனீசியா சென்ற ஓவியர் பால் க்ளே அங்கே தீட்டிய நீர்வண்ணத் தாள்கள் பல, சாண் அல்லது ஒன்றரைச் சாண் அளவுதான். ‘ஹம்மமெத்தும் அதன் பள்ளிவாசலும்’ படத்தில் மேலே பள்ளிவாசலும் கோபுரங்களும் தோட்டமும் அடையாளம் தெரிகின்றன. கீழே வர வர எல்லாம் கரைந்து, இளஞ்சிவப்பும் பச்சையும் கட்டம் கட்டமாய் மிஞ்சுகின்றன. ஒரு பூச்சு காயும்வரை தூரிகை காத்திருக்க வேண்டும், அவசரப்பட்டால் சேறாகிவிடும். இங்கே கண்ணாடி வளையல்களை அடுக்கிப் பார்ப்பதுபோல, அடி வண்ணமும் மேல் வண்ணமும் சேர்ந்தே ஒளிர்கின்றன.

கைரவான் நகரத் தாள்களில் குவிமாடம் ஓர் அரைவட்டம், அவ்வளவே. செதுக்கு வேலை, ஓடு, எழுத்தணி எதையும் அவர் எண்ணிக்கொண்டிருக்கவில்லை. ஆனாலும் சுண்ணாம்புச் சுவரில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைக் கூசுகிறது. உடன் சென்ற ஆகுஸ்ட் மாக்கேயின் படங்களில் வண்ணம் இன்னும் அடர்த்தி; எனக்கு க்ளேயின் நீர்த்த பூச்சே பிடிக்கிறது. சில தாள்களின் இரு ஓரங்களிலும் நெட்டுக்கு ஒரு வெள்ளைப் பட்டை உண்டு, பாருங்கள்: தாளைப் பலகையோடு பிடித்திருந்த ரப்பர் வளையம் இருந்த இடம். அதை நறுக்காமல் விட்டாரே, அதற்காகவே அவரைக் கொண்டாடலாம்.